முதலில் தோன்றும் பெயர்: ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இந்த ஆண்டு ஹவுஸ் சர்ஜன்களாகப் பணியேற்றிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

பொது மருத்துவ வார்டில் உங்களைப் போன்ற பல பேட்ச்களோடு ரவுண்ட்ஸ் நடந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியன் எழுதுகிறேன். கழுத்தில் ஸ்டெத், கோட்டுப் பையில் ஐந்தாறு பேனா, போனில் ஹாரிசன் பி.டி.எஃப்., நீட் பி.ஜி.க்கு ஓர் ஆப் என்று தயாராக இருப்பீர்கள். இன்னும் எதைப் படிக்க வேண்டும் என்று சொல்வதற்காக இந்த மடலை எழுதவில்லை. படித்தது அத்தனையும் மண்டைக்குள் இருந்தும், வேண்டிய நிமிடத்தில் அது ஏன் வெளியே வருவதில்லை என்று பேசலாம்.

அமெரிக்காவில் மார்க் கிரேபரும் அவருடைய சகாக்களும், நோயைத் தவறாகக் கணித்த 100 கேஸ்களைப் பிரித்து ஆராய்ந்து 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 74 கேஸ்களில் மருத்துவரின் யோசனையில் எங்கோ சறுக்கல். 65இல் மருத்துவமனை நடைமுறையிலும் கோளாறு. பலவற்றில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. பாடம் தெரியாததால் வந்த தவறுகள் சொற்பம். சறுக்கல்களில் முதலிடம் எதற்கு என்றால், பொருத்தமாக ஒரு நோயின் பெயர் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டதற்கு.

கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் தோன்றும் நோயின் பெயர் மூளைக்குள் அப்படித்தான் துண்டு போடுகிறது. பிறகு ஏறுகிறவர் எவ்வளவு நியாயமான ஆளாக இருந்தாலும் நின்றுகொண்டேதான் வர வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் உங்களுக்கு மெடிசின் போஸ்டிங் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் வார்டில் கட்டில் போதாமல் பாய் விரித்திருப்பார்கள். காலையிலிருந்து பார்த்தவர்களில் பாதிக்குமேல் டெங்கு. அடுத்து ஒரு பெண்மணி வருகிறார். நாற்பது வயதிருக்கும், காட்டு வேலைக்குப் போகிறவர். ஆறு நாளாகக் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, லேசான இருமல். பிளேட்லெட் எழுபதாயிரம். அவர் பேசி முடிப்பதற்குள் உங்கள் கை ‘டெங்கு’ என்று எழுதியிருக்கும். ஃப்ளூயிட்ஸ், தினமும் பிளேட்லெட், அடுத்த ஆள்.

இதில் எந்தப் படியையும் முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. மழைக்காலம், ஊரெல்லாம் டெங்கு, பிளேட்லெட் குறைவு. ஆனால் இதே மாதங்களில், இதே காட்டு வேலைக்காரர்களுக்கு, இதே காய்ச்சலும் இதே பிளேட்லெட்டுமாக ஸ்க்ரப் டைபஸும் வருகிறது. நம் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது இதைத்தான். எலிக்காய்ச்சலும் மலேரியாவும்கூட பிளேட்லெட்டைக் குறைக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பரீட்சையில் அட்டவணையே போட்டிருப்பீர்கள். ஸ்க்ரப் டைபஸ் என்று தோன்றிவிட்டால் வைத்தியம் எளிது. டாக்ஸிசைக்ளின் விலை மலிவான மாத்திரை; பெரும்பாலானவர்களுக்கு இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கும். தோன்றாவிட்டால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பாதிப்பு பரவும். எதற்கும் இருக்கட்டும் என்று செஃப்ட்ரையாக்சோன் போட்டு மனதைத் தேற்றிக்கொள்வது நம் ஊர் வழக்கம். இந்தக் கிருமியிடம் அது பலிக்காது.

டெங்குவுக்கான என்.எஸ்.1 சோதனை நெகட்டிவ் என்று வந்தாலும் நம் மனம் அசையாது. ஆறு நாள் ஆகிவிட்டது, அதனால்தான் நெகட்டிவ் என்று சமாதானம் சொல்லும். அந்தச் சமாதானம் மருத்துவ ரீதியில் சரியாகவும் இருக்கும். ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்றால் கேட்கவே வேண்டாம். ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன் வந்துபோன டெங்குவுக்கும் அது பாசிட்டிவ் காட்டலாம் என்று படித்திருக்கிறோம்; அந்த வேளையில் அந்த வரி மட்டும் நினைவுக்கு வராது. நாம் எழுதிய பெயருக்குச் சாதகமான ரிசல்ட்டை வாசலிலேயே வரவேற்று உட்காரவைக்கிறோம். பாதகமான ரிசல்ட்டைக் குறுக்கு விசாரணை செய்கிறோம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, செய்கிறோம் என்று உணர்வதும் இல்லை.

ஸ்க்ரப் டைபஸுக்கு ஒரு அடையாளம் உண்டு. உண்ணியின் குஞ்சு கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு. வலிக்காது, அரிக்காது, நோயாளிக்கே தெரிந்திருக்காது. எல்லாருக்கும் இருக்காது, இருந்தால் ஏறக்குறைய தீர்ப்பே எழுதிவிடலாம். ஆண்களுக்கு அக்குளிலும் தொடை இடுக்கிலும், பெண்களுக்கு மார்பிலும் வயிற்றிலும் அதிகம் காணப்படுவதாக வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாவாடை நாடா அழுத்தும் இடுப்பு மடிப்பையும் காதின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். சேலையை விலக்கிப் பார்க்கக் கூச்சம், திரை இல்லை, கூட ஒரு நர்ஸ் இல்லை என்று நாம் விட்டுவிடுகிற இடங்களில்தான் அது ஒளிந்திருக்கிறது. கூச்சத்தைவிடப் பெரிய தடை இன்னொன்று. டெங்கு என்று எழுதிய பிறகு பொருக்கைத் தேடக் காரணமே இல்லாமல் போய்விடுகிறது.

கண் பார்த்தாலும் மனம் பார்க்காது என்பதற்கு 2013இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். நுரையீரல் சி.டி. படங்களில் சிறு கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியக்க நிபுணர்களைக் கேட்டுக்கொண்டார்கள். கடைசிப் படத்தில், வழக்கமான கட்டியைப்போல 48 மடங்கு பெரிதாக ஒரு கொரில்லா உருவத்தைச் செருகி வைத்திருந்தார்கள். 20 பேர் அதைப் பார்க்கவில்லை. கருவிழியின் அசைவைப் பதிவு செய்திருந்ததால் இன்னொன்றும் தெரிந்தது: அந்த 20 பேரில் 12 பேரின் பார்வை கொரில்லாவின் மேலேயே பதிந்திருந்தது. கட்டியைத் தேடச் சொன்னார்கள், கட்டியைத் தேடினார்கள். இதைச் சொன்னால் வகுப்பில் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கிற ஒவ்வொருவரும் தான் அந்த நான்கு பேரில் ஒருவர் என்று நினைத்துக்கொண்டுதான் சிரிக்கிறார்கள்.

அப்படியானால் பெயர் தோன்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமா? முடியாது, வேண்டியதும் இல்லை. ஆர்தர் எல்ஸ்டைன் குழுவினர் மருத்துவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1978இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அனுபவசாலியோ புதியவரோ, நோயாளி பேசத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஒரு சில பெயர்கள் மனதில் முளைத்துவிடுகின்றன. பிறகு கேட்கும் கேள்வியெல்லாம் அவற்றைச் சுற்றித்தான். எல்லாத் தகவலையும் திரட்டி முடித்துவிட்டு யோசிப்பார்கள் என்று நாம் கற்பனை செய்யும் மருத்துவர் கேஸ் பிரசன்டேஷனில் மட்டுமே வாழ்கிறவர். அனுபவசாலிகளின் முதல் ஊகம் பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. காசுவால்டியில் நூறு பேர் நிற்கையில் அந்த வேகம் இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. அதனால் பெயர் வரட்டும். வந்த பெயர் என்ன என்பதோடு, அது எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளியின் உடம்பிலிருந்து வந்ததா, சற்றுமுன் பார்த்த கட்டிலிலிருந்து வந்ததா?

இதை நெதர்லாந்தில் சில்வியா மமேதேயும் சகாக்களும் சோதித்துப் பார்த்து 2010இல் எழுதினார்கள். ராட்டர்டாமில் மெடிசின் பயிலும் 36 இளம் மருத்துவர்களுக்கு முதலில் சில கேஸ்களைக் காட்டினார்கள். பிறகு அவற்றோடு மேலோட்டமாக ஒத்துப்போகும், ஆனால் வேறு நோய் உள்ள கேஸ்களைக் கொடுத்து, சட்டென்று பதில் எழுதச் சொன்னார்கள். இரண்டாம் ஆண்டுக்காரர்கள் சற்றுமுன் பார்த்த நோயின் பெயரால் இழுபட்டுத் தவறினார்கள். முதலாம் ஆண்டுக்காரர்களிடம் அந்த இழுப்பு தென்படவில்லை! கொஞ்சம் அனுபவம் சேர்ந்ததும்தான் இந்த வலை விரிகிறது. ஆகவே ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் இந்த ஓராண்டைவிட, பி.ஜி. சேர்ந்து கை தேறியபிறகு இந்த மடல் உங்களுக்கு அதிகம் தேவைப்படலாம். அதே ஆய்வில், ஒரு முறைப்படி மறுபடி யோசிக்கச் சொன்னபோது மதிப்பெண் மேலேறியது. அந்த முறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதற்குள் நெஞ்சுவலியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் துண்டு போடுவது எப்போதும் டாக்டர் மட்டுமில்லை. நோயாளியே போட்டுக்கொண்டு வருவார். “வாயு பிடிச்சிருக்கு டாக்டர், ராத்திரி பரோட்டா சாப்பிட்டேன். சோடா குடிச்சேன், ஏப்பம் வந்துச்சு, பரவாயில்ல. ஒரு ஊசி போட்டுவிட்டா வேலைக்குப் போயிருவேன்.” ஐம்பது வயது, சர்க்கரை உண்டு, மேல்வயிற்றில்தான் கை வைத்துக் காட்டுகிறார், ஒரு முறை வாந்தி. ஓ.பி. சீட்டில் முன்னால் இருந்தவர் ‘கேஸ்ட்ரைட்டிஸ்’ என்று எழுதி அனுப்பியிருப்பார். இப்போது நோயாளி, சீட்டு, சோடா என்று மூன்று சாட்சிகள் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் ஒரே சாட்சிதான். நோயாளி சொன்னதை முன்னவர் எழுதினார், முன்னவர் எழுதியதை நீங்கள் படிக்கிறீர்கள். இதயத்தின் அடிச்சுவரைத் தாக்கும் மாரடைப்பு மேல்வயிற்று வலியும் வாந்தியுமாக வரலாம். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமலும் வரலாம். ஆன்டாசிட் கொடுத்து வலி குறைந்தது என்பது எதையும் நிரூபிக்காது. முதல் ஈ.சி.ஜி. நார்மல் என்பதும் முழு நிரூபணம் ஆகாது. சற்று நேரம் கழித்து இன்னொன்று எடுக்க வேண்டும். நோயாளி தன் உடம்பில் உணர்ந்ததைக் கேளுங்கள், அதற்கு அவர் வைத்த பெயரைத் தனியாக வையுங்கள். “வாயுன்னு எதை வச்சு சொல்றீங்கண்ணே?” என்று ஒரு கேள்வி போட்டால், “நடந்தா இறுக்குது, நின்னா விடுது” என்று அவரே சொல்லிவிடுவதுண்டு.

பெயர் ஊர்விட்டு ஊர் பயணம் செய்யும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேள்விக்குறியோடு எழுதப்பட்டது தாலுகா மருத்துவமனையில் கேள்விக்குறியை இழக்கும். மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேரும்போது ‘நோன் கேஸ் ஆஃப்’ என்ற பட்டத்தோடு நிற்கும். ‘நோன் கேஸ் ஆஃப் ஆஸ்துமா’ என்று வந்த எழுபது வயதுப் பாட்டிக்கு இரவெல்லாம் நெபுலைசேஷன், டெரிஃபிலின், ஹைட்ரோகார்ட். கால் வீங்கியிருக்கிறதா, படுத்தால் மூச்சு அடைத்து எழுந்து உட்காருகிறாரா, அந்த ‘நோன்’ யாருக்குத் தெரிந்த ‘நோன்’ என்று யாராவது கேட்டால், ஆஸ்துமா என்று யாருமே சோதித்துச் சொன்னதில்லை என்று தெரியவரும். இதயம் பலவீனமானாலும் வீஸிங் வரும். கேஸ் ஷீட்டில் அந்த மூன்று சொற்களைக் காணும்போதெல்லாம் கேளுங்கள்: யார் சொன்னது, எதை வைத்து?

இன்னொரு வகைத் துண்டு எரிச்சலால் விழுவது. இரவு ஒரு மணிக்கு சாராய வாடையோடு ஒருவரைக் கொண்டுவந்து போடுகிறார்கள். கெட்ட வார்த்தை பேசுகிறார், சட்டையில் வாந்தி, ஏ.ஆர். (விபத்துப் பதிவு) போடச் சொல்லிப் போலீஸ்காரர் நிற்கிறார். ‘போதை, காலையில் தெளியும்’ என்று மூலையில் படுக்கவைப்பது மிக எளிது. குடித்தவருக்கு சர்க்கரை இறங்கியிருக்கலாம், விழுந்ததில் மண்டைக்குள் ரத்தம் கசியலாம். இரண்டும் போதையைப் போலவே இருக்கும். சி.பி.ஜி. பார்க்க ஒரு நிமிடம், கண்மணியில் டார்ச் அடிக்க அரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்தை நம்மிடமிருந்து பறிப்பது நேரமின்மை என்று நாம் சொல்லிக்கொள்வோம்; பல நேரம் அது வெறுப்புதான். அதேபோல, கல்யாணமாகாத இளம்பெண் வலிப்பு என்று வந்தால் ‘ஃபங்ஷனல்’ என்று ஒரு சிரிப்போடு சொல்லும் பழக்கம் நம்மிடையே உண்டு. நோயாளியைக் கண்டு உங்களுக்குக் கோபம், அருவருப்பு, சலிப்பு எது வந்தாலும் அதையும் ஒரு பரிசோதனை முடிவாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நோயாளியைப் பற்றி நான் அவசரப்படப் போகிறேன் என்று அது முன்கூட்டியே சொல்கிறது.

எண்களில் நம் மூளை எப்படித் தடுமாறும் என்பதற்கு ஹார்வர்டைச் சேர்ந்த மருத்துவமனைகளில் 1978இல் கேட்ட கேள்வி பிரசித்தம். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குத் தவறாக பாசிட்டிவ் காட்டும் சோதனை. ஒருவருக்கு பாசிட்டிவ் வந்தால் நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 60 பேரில் 11 பேர்தான் சரியாகச் சொன்னார்கள். அதிகம் பேர் சொன்ன விடை 95 சதவீதம். சதவீதத்தை விட்டுவிட்டு ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்திப் பாருங்கள். நோயாளி ஒருவர், தவறாக பாசிட்டிவ் வந்தவர் சுமார் 50 பேர். ஐம்பத்தொன்றில் ஒன்று, அதாவது 2 சதவீதம். லேப் சீட்டில் ஆச்சரியமான ரிசல்ட் வந்தால் இப்படி வரிசையில் நிறுத்துங்கள்.

தூக்கத்தைப் பற்றி எழுதாமல் உங்களுக்கு யோசனையைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்குகிறது. 24 மணி நேரம் என்றால் 0.10 சதவீத அளவுக்கு. ஆஸ்திரேலியாவில் டாசனும் ரீடும் 1997இல் அளந்து எழுதியது இது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 0.03 சதவீதம். அந்த அளவு மதுவோடு உங்களை ஸ்கூட்டர் ஓட்டவிடாத சட்டம், அதே அளவு தூக்கம் கெட்ட நிலையில் வென்டிலேட்டர் செட்டிங்கை மாற்ற விடுகிறது. பாஸ்டனில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீளும் டியூட்டிகளைக் குறைத்துப் பார்த்தார்கள். பழைய முறையில் இன்டர்ன்கள் செய்த பெரிய தவறுகள் புதிய முறையைவிட 36 சதவீதம் அதிகம் என்று 2004இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது.

இதைவிட என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2003இல் வெளியான மற்றொரு ஆய்வு. தினமும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கி இரண்டு வாரம் ஓட்டியவர்களின் திறன், ஓரிரு இரவு முழுக்கக் கண் விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. அவர்களைக் கேட்டால், லேசாகத் தூக்கம் வருகிறது, மற்றபடி பரவாயில்லை என்றார்கள். கெட்டுப்போன மூளைதான் தான் கெட்டுப்போகவில்லை என்று சான்றிதழும் கொடுக்கிறது. ஆகவே விடிகாலை நான்கு மணிக்கு ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று தோன்றுவதை நம்பாதீர்கள். அந்த நேரத்தில் டோஸ் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள், பக்கத்திலிருக்கும் நர்ஸிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். டியூட்டி நேரத்தை முறைப்படுத்த வேண்டியது உங்கள் வேலை இல்லை. அதற்குப் பொறுப்பானவர்கள் ‘நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில்’ என்று தொடங்கினால், அந்தக் காலத்தில் நோயாளிகளுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கணக்கு வைக்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உங்கள் சீனியர்களில் சிலர் இந்த மடலைப் படித்துச் சிரிப்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. யோசனையை இப்படி இழுக்கும் மனச்சாய்வுகளுக்கு இப்போது நீளமான பெயர்ப்பட்டியலே இருக்கிறது. அதை மனப்பாடம் செய்வதால் தவறு குறைவதாகத் தெரியவில்லை என்று கனடாவின் ஜெஃப்ரி நார்மன் போன்றவர்கள் விடாமல் வாதிடுகிறார்கள். பாடம் தெரியாமல் வேறு எதையும் யோசிக்க முடியாது என்பது அவர்கள் கட்சி. கிரேபரின் கணக்கோடு இது மோதுகிறதே என்றால், மோதத்தான் செய்கிறது. என் அனுபவம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஸ்க்ரப் டைபஸ் என்று ஒன்று உண்டு என்றே தெரியாதவரிடம் ‘வேறு என்னவாக இருக்கலாம்?’ என்று கேட்டுப் பயனில்லை. தெரிந்தவரிடம் கேட்காமல் விடுவதால்தான் நஷ்டம். சாய்வுகளைப் பற்றிப் படிப்பதில் வேறொரு ஆபத்தும் உண்டு. 2002இல் எமிலி ப்ரோனினும் சகாக்களும் காட்டியபடி, பிறரிடம் சாய்வைக் காண்பதில் நாம் கெட்டிக்காரர்கள். நம்மிடம் அது குறைவு என்றே எல்லாரும் நம்புகிறோம். பட்டியலைப் படித்து முடிப்பவருக்கு யூனிட்டில் உள்ள மற்ற அத்தனை பேரின் குறையும் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும். அதற்காகவா படித்தோம்?

எனவே சாய்வுகளின் பெயர்களை விட்டுவிடுங்கள். மமேதேயின் முறைக்கு ஒரு காகிதம் போதும். நீங்கள் நினைக்கும் நோயை எழுதுங்கள். அதற்கு ஆதரவாக நோயாளியிடம் உள்ளவற்றை எழுதுங்கள். எதிராகப் பேசுகிறவற்றை எழுதுங்கள். இந்த நோய்தான் என்றால் இருந்திருக்க வேண்டும், ஆனால் காணோமே என்பவற்றையும் எழுதுங்கள். கடைசியில், இது இல்லை என்று நாளைக்கு நிரூபணமானால் வேறு எதைச் சொல்வீர்கள் என்று எழுதி, அதற்கும் இதே கேள்விகளைப் போடுங்கள். அந்தக் காட்டு வேலைப் பெண்மணிக்கு இதைச் செய்து பாருங்கள். ஆதரவு வரிசை நிரம்பியிருக்கும். எதிர் வரிசையில் ‘ஆறாம் நாள், காய்ச்சல் இறங்கவே இல்லை’, ‘இருமல்’ என்று எழுதவேண்டி வரும். மாற்றுப் பெயர் கேட்ட இடத்தில் பேனா ஒரு கணம் நிற்கும், பிறகு உண்ணி நினைவுக்கு வரும், நர்ஸை அழைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போவீர்கள்.

மனதிலேயே செய்துகொள்ளலாமே என்று தோன்றும். மனதில் செய்தால் எதிர் வரிசை எப்போதும் காலியாகவே இருக்கும். எல்லா நோயாளிக்கும் செய்ய வேண்டாம், முடியவும் முடியாது. மூன்றாவது நாளும் எதிர்பார்த்தபடி தேறாதவருக்கு, அதே பிரச்சினைக்கு இரண்டாம் முறையாகத் திரும்பி வந்தவருக்கு, உங்களுக்கு எரிச்சலூட்டியவருக்கு, பிறர் வைத்த பெயரோடு வந்தவருக்குச் செய்யுங்கள். டியூட்டி மாறும்போது ‘பெட் ஏழு டெங்கு, ஸ்டேபிள்’ என்று ஹேண்ட் ஓவர் கொடுக்காமல், ‘பெட் ஏழு, ஆறு நாள் காய்ச்சல், டெங்கு என்று வைத்திருக்கிறோம், இருமல் எதனால் என்று புரியவில்லை’ என்று சொல்லுங்கள். புரியாததைச் சேர்த்துச் சொன்னால் அடுத்தவரின் மூளையும் வேலை செய்யும்.

சீஃப் ரவுண்ட்ஸில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? இது நம் ஊருக்கே உரிய சங்கடம். அவர் கட்டிலருகே நிற்பது இரண்டு நிமிடம். ரத்தம் எடுத்து, ரிசல்ட் வாங்கி, உறவினரோடு பேசி நாள் முழுக்க அங்கே இருப்பது நீங்கள். முரண்படும் தகவல் முதலில் கைக்கு வருவது உங்களிடம்தான். ‘தவறு’ என்று சொல்ல வேண்டியதில்லை. “சார், ஒரு டவுட். டெங்குன்னா இந்த இருமலை எப்படி சார் எடுத்துக்கறது?” என்று கேட்டால் போதும். நல்ல சீஃப் நின்று யோசிப்பார். கோபப்படுகிறவரும் ரூமுக்குப் போய் யோசிப்பார், உங்களிடம் சொல்ல மாட்டார். இந்த மடலை எட்டிப் பார்க்கும் பேராசிரியர்களுக்கு ஒன்று: பையன் சரியான பெயரைச் சொன்னதும் ‘குட்’ என்று நகர்ந்துவிடாமல், வேறு என்னவாக இருக்கலாம் என்று இன்னொரு கேள்வியும் கேளுங்கள். நீங்கள் சந்தேகப்பட்டு நிற்பதை அவர்கள் ஒரு முறையாவது கண்ணால் பார்க்கட்டும்.

கடைசியாக, உங்கள் நிச்சயத்தைப் பற்றி. அமெரிக்காவில் 118 மருத்துவர்களுக்கு நான்கு கேஸ்களைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. சுலபமான கேஸ்களில் 55 சதவீதம் சரி. கடினமானவற்றில் வெறும் 6 சதவீதம். எவ்வளவு நிச்சயம் என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சுலபமானதற்கு 7.2, கடினமானதற்கு 6.4. சரி என்ற கணக்கு ஒன்பதில் ஒன்றாகச் சரிந்தும் நிச்சயம் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. நிச்சயமாகத் தோன்றுவது ஓர் உணர்வு, பசியைப் போல. அது சரியா என்று பழக்க வேண்டுமானால் முடிவு என்ன ஆனது என்று தெரிய வேண்டும். நம் வேலையில் அதுதான் கிடைப்பதில்லை. காசுவால்டியில் பார்த்தவர் வார்டுக்குப் போய்விடுவார், வார்டில் பார்த்தவரை வேறு யூனிட்டுக்கு மாற்றிவிடுவார்கள், நமக்கு போஸ்டிங் மாறிவிடும். தவறாகச் சொன்ன கேஸ்களும் சரியாகச் சொன்னவைபோலவே நினைவில் தங்கிவிடும்.

ஆகவே பையில் கொள்ளும் ஒரு சிறு நோட்டு வாங்குங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம், ஐ.பி. நம்பர், தேதி, நீங்கள் நினைத்த நோய், எத்தனை சதவீதம் நிச்சயம் என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி வந்ததும் அதை நிரப்புங்கள். சில மாதம் கழித்து, 90 சதவீதம் என்று நீங்கள் போட்ட வரிகளை மட்டும் எண்ணி, எத்தனை சரி என்று பாருங்கள். அதை யாருக்கும் காட்ட வேண்டாம். கேஸ் ஷீட்கள் மருத்துவப் பதிவேடுகள் துறையில் (எம்.ஆர்.டி.) இருக்கும்; அங்குள்ள ஊழியரிடம் மரியாதையாகக் கேட்டால் எடுத்துத் தருவார், பகலில்தான் திறந்திருக்கும். நைட் டியூட்டி முடிந்த காலையில் மட்டும் போகாதீர்கள். முதலில் போய்த் தூங்குங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு மெடிசின் வாத்தியார்